மூன்றாவது பிரதி

1

இரண்டு கிழமைக்கு முன் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, அதில் பொன்னெழுத்து, திறந்தவுடன் சீருடையோடு ஒரு மீசைக்காரரின் முழுப்பக்கப் படம். ஓய்வுபெற்ற பாகிஸ்தான் பிரிகேடியர் ஒருவர் தன் வாழ்க்கையையும் சேவையையும் தானே எழுதியிருக்கிறார். எழுதியிருக்கிறார் என்று சொல்வதுகூடப் பிழை. அவர் நடந்து நடந்து சொன்னார், நான் கதிரையில் இருந்து தட்டச்சில் அடித்தேன். நன்றியுரையின் கடைசி வரியில் என்னையும் சேர்த்திருக்கிறார்: "எப்போதும் சிரித்த முகத்தோடு தட்டச்சு செய்து உதவிய இலங்கைப் பெண்மணிக்கும்."

பெயர் இல்லை. அவருடைய குதிரைக்குப் பெயர் இருக்கிறது. குதிரைக்கு லாடம் அடித்தவனுக்கும் பெயர் இருக்கிறது. நான் ஒரு பெண்மணி, அதுவும் சிரித்த முகம். அந்த வீட்டில் நான் எந்தச் சனிக்கிழமை சிரித்தேன் என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "நன்றி சொல்லியிருக்கிறார்தானே, விடுமன்" என்றார். இவருக்கு எல்லாவற்றையும் விடத் தெரியும். நான் நேரே பதின்மூன்றாம் அத்தியாயத்துக்குப் போனேன். நான் தேடிய பக்கம் அங்கே இல்லை. இருக்காது என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அந்தப் பக்கத்தின் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

2

நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து இது ஆறாவது குளிர்காலம். கொழும்பில் பதினொரு வருடம் அரசாங்க அலுவலகங்களில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் செய்தவள் நான். இங்கே வந்ததும் என் சான்றிதழ்களை ஒரு இளம்பெண் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். இப்படியொரு பரீட்சையை அவர்கள் கேள்விப்பட்டதில்லையாம். ஆட்டு மயிர் ஏற்றுமதி பற்றி ஒரு பந்தியைத் தந்து, நிறுத்தற்கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றாள். அடித்து முடித்ததும், "புதிதாக வந்தவருக்கு மிகவும் நல்லது" என்றாள். அவள் பிறக்க முதலே தட்டச்சுப் பழகியவள் நான். பத்மாவதி என்ற பெயர் முதல் நாள் பத்து மணித் தேநீருக்கு முன்னமே பாட் ஆகிவிட்டது.

கொழும்பில் எங்கள் பிரதம லிகிதர், அதாவது தலைமைக் கிளார்க், ஒருவர் இருந்தார். புதிதாக வருகிற எல்லாருக்கும் அவர் ஒரே பாடம்தான் எடுப்பார். "மூண்டு பிரதி, பிள்ளை. ஒண்டு மேலிடத்துக்கு, ஒண்டு ஆளுக்கு, ஒண்டு கோவைக்கு. கோவையில இல்லாதது நடக்கேல்லை." பதினொரு வருடம் இதைக் கேட்ட கை, கேட்காமலே மூன்று தாளையும் இரண்டு காபனையும் அடுக்கிவிடும். இங்கே மேற்பார்வையாளர் பெண் என் மேசையருகே வந்து, "பாட், மூன்றாவது யாருக்கு?" என்று கேட்டாள். கோவைக்கு என்றேன். எந்தக் கோவைக்கு, எந்தப் பைலுக்கு என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கை பழக்கத்தை விடவில்லை.

எனக்கு அடுத்த மேசை நஸ்ரீனுடையது. வங்காளத்துப் பெண், இப்போது பங்களாதேஷ் என்கிறோமே, அந்த ஊர். எங்கள் இருவரின் மதியச் சாப்பாட்டு வாசத்துக்கும் மற்றவர்கள் யன்னலைத் திறந்ததால், இருவரும் படிக்கட்டில் இருந்து சாப்பிடத் தொடங்கினோம். சிநேகிதம் அப்படித்தான் வந்தது. அவளுடைய அண்ணன் மொபீஸ் ராணுவ அலுவலகம் ஒன்றில் லிகிதராக இருந்தவன். எழுபத்தோராம் ஆண்டு, அங்கே அடிபாடு தொடங்கிய நேரம், ஒரு காலையில் சாப்பாட்டுக் கரியரைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வேலைக்குப் போனான். திரும்பி வரவில்லை. மேற்குப் பாகிஸ்தானில் பிடித்துவைத்திருந்த வங்காளிகள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகும் அவனைக் காணோம். தாய் இன்னும் சாப்பாட்டு வேளையில் அவனுக்கும் ஒரு பீங்கான் தட்டு வைக்கிறாள். அவன் மனைவியை விதவையைப் போல மூக்குத்தியைக் கழற்ற விடுவதில்லை.

"எங்களுக்கு நீதி ஒன்றும் வேண்டாம், பத்மா" என்று ஒருநாள் நஸ்ரீன் சொன்னாள். அந்த அலுவலகத்தில் என்னைப் பாட் என்று கூப்பிடாதவள் அவள் மட்டும்தான். "ஒரு திகதி வேண்டும். ஒரு இடம் வேண்டும். திகதி இல்லாமல் அம்மா எந்த நாளில் துஆ ஓதுவாள்?"

பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் ஒரு சின்ன அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மளிகைக் கடை அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்ததாம். ஓய்வுபெற்ற பிரிகேடியர், நினைவுக் குறிப்புகளுக்குத் தட்டச்சாளர் தேவை, விலாசம் மல்கிரேவ். கீழே பெயர். அவளுடைய அண்ணன் வேலை செய்தது அந்தப் பெயருக்குக் கீழேதான். வேறு யாரும் எடுக்காமல் இருக்க அட்டையைப் பலகையில் இருந்தே கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நான் போனால் என் முகத்தில் அண்ணனைக் கண்டுபிடித்துவிடுவார். நீ போ" என்றாள்.

3

அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். அவருக்கு விளம்பரம் தேடிக் கொடுப்பது என் வேலையல்ல.

அவருடைய மகன் டொக்டர். மகனின் வீட்டில், பின்வளவைப் பார்த்த அறையில், சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு நான் போய்க் கதிரையில் இருப்பேன். பிரிகேடியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு யன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். முற்றுப்புள்ளி என்ற சொல்லையே கட்டளை மாதிரித்தான் சொல்வார். அவரும் அந்த வீட்டுக்குள் அடைபட்ட மனிதர்தான். மருமகள் வெள்ளைக்காரி, பேரப்பிள்ளைகள் அவருடைய பாஷை பேசமாட்டார்கள். எப்போதாவது மகன் பொயிண்ட் குக் விமானத் தளத்து அணிவகுப்புக்குக் கூட்டிப்போனால் இரண்டு சனிக்கிழமைக்கு அதே பேச்சுத்தான்.

சொன்ன கதை நல்ல கதை, அதை நான் மறுக்கவில்லை. தகப்பன் வெள்ளைக்காரன் படையில் சுபேதார். மகன் வெள்ளைக்காரன் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, பர்மாக் காட்டில் மலேரியாவோடு சண்டை பிடித்து, நாடு பிரிந்தபோது அகதிகளின் ரயிலுக்குக் காவலாகப் போனவர். பிறகு இங்கிலாந்தில் படிப்பு, அறுபத்தைந்தில் இந்தியாவோடு யுத்தத் தாங்கிச் சண்டை, மார்பில் ஒரு பதக்கம். பிறகு கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய் அங்கே தோற்று, இந்தியாவில் இரண்டு வருடம் கைதியாக இருந்து, வந்ததும் படையில் இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போலோ விளையாடிய குதிரை செத்ததற்கு முழுதாக இரண்டு பக்கம் சொன்னார். கண்ணைத் துடைத்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

வேலை முடிந்ததும் அடித்த தாள்களை அவர் முன்னால் அடுக்குவேன். சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாளின் வலப்பக்க அடியிலும் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போடுவார். முப்பது வருடப் பழக்கம். வாய் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டில் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டு போகும். அவர் கேட்டது இரண்டு பிரதி. என் கை அடித்தது மூன்று. முதல் நாளே மூன்றிலும் போட்டார், எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றாவதை நான் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கோவையில் போட்டேன். களவெடுக்கும் எண்ணத்தோடு செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோவையில் போடாவிட்டால் எனக்கு வேலை முடிந்த மாதிரி இராது.

என் மகள் சுதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சில சனிக்கிழமைகளில் கூடவே வருவாள். அங்கிள் அங்கிள் என்று அவருக்குப் பின்னால் திரிந்தாள். பின்வளவில் அவளுக்கு அணிநடை பழக்கினார். பள்ளிக்கூடத்தில் "நான் மதிக்கும் ஒருவர்" என்று கட்டுரை கேட்டபோது அவரைப் பற்றி எழுதி, தங்க நிற நட்சத்திரம் ஒட்டுவித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பாவைப் பற்றி எழுதியிருக்கலாமே" என்றேன்.

"டாட் ஹாஸ் நாட் டன் எனிதிங், மம்" என்றாள். தகப்பன் பக்கத்தில்தான் இருந்தார். இதையும் விட்டுவிட்டார்.

4

அந்த வருடம், எழுபத்தேழு ஆவணியில், ஊரில் நடந்த கலவரத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் தம்பியின் வீட்டை எரித்தார்கள். அவனும் மனைவியும் பிள்ளைகளும் உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் கிடந்தார்கள். நான் இங்கே இருந்து அவனைக் கூப்பிடுவதற்குப் படிவம் படிவமாக நிரப்பினேன். வீடு எரிந்த ஒருவனிடம் வீட்டுரிமைப் பத்திரம் கேட்கிற படிவம். பிறப்புச் சான்றிதழ் எரிந்துவிட்டது என்று எழுதினால், எரிந்ததற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். கடைசியில், சமூகத்தில் மதிப்புள்ள ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரேயொரு மதிப்புள்ளவர் பிரிகேடியரின் மகன். எழுதித் தருகிறேன் என்றார் டொக்டர். நல்ல பிள்ளை.

அடுத்த சனிக்கிழமை பிரிகேடியர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "உங்கள் தீவுக்கு உறுதியான ஒரு கை வேண்டும்" என்றார். "ஊரடங்கு, இரண்டு கிழமை, நல்ல ஒரு பிரிகேடியர். எல்லாம் அடங்கிவிடும்."

நான் தாளை இயந்திரத்தில் சுருட்டி ஏற்றினேன்.

"உங்கள் தீவுக்கு நான் நன்றியுள்ளவன்" என்றும் சொன்னார். "எழுபத்தொன்றில் இந்தியா எங்கள் விமானங்களுக்கு வானத்தை மூடியபோது எங்கள் பையன்கள் கொழும்பில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டுத்தான் டாக்கா போனார்கள்."

எனக்குத் தெரியாதா. அப்போது நான் விமான நிலையத்து அலுவலகத்தில் தட்டச்சாளர். இறங்கியவர்கள் எல்லாருக்கும் ஒட்ட வெட்டிய தலை, சாதாரண உடுப்பு, ஆனால் கால்களில் ஒரே மாதிரிச் சப்பாத்து. "கிரிக்கெட் ரீம் போல கிடக்கு" என்று என் சிநேகிதியிடம் பகிடி விட்டேன். பட்டியலில் இடைத்தங்கல் பயணிகள் என்று இருந்தது, அப்படியே அடித்தேன். மூன்று பிரதி. அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த தட்டைக்கூட ஒருதரம் நான் தூக்கியிருக்கிறேன். நஸ்ரீனுக்கு இதை நான் சொன்னது நெடுநாள் கழித்துத்தான். இந்தக் கதையில் பிரிகேடியர் மேல் மட்டும் எனக்குக் கோபம் என்று நீங்கள் நினைத்தால் அது சரியல்ல.

5

அது நோன்பு மாதம், இன்னொரு சனிக்கிழமை. அன்றைக்குத் தேநீர் இல்லை. வழக்கமான நடையும் இல்லை. அவர் கதிரையில் இருந்தபடி, என்னைப் பார்க்காமல், பதின்மூன்றாம் அத்தியாயத்தைச் சொன்னார். பாலங்கள், படகுகள், எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது என்று போய்க்கொண்டிருந்த கதை, நடுவில் வேறு குரலில் இப்படித் திரும்பியது:

"காலையில் கப்டன் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். வழக்கம்போல் சுருக்கொப்பம் போட்டேன். அதைத் தட்டச்சு செய்தவன் என் லிகிதன் மொபீஸ். என்னிடம் இருந்தவர்களில் அவன்தான் சுத்தமாக அடிப்பவன். அவன் அடித்த பெயர்களுக்குக் கீழே கடைசியாக ஒரு பெயர் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. நான் கடைசிவரை வாசிக்கவில்லை. பின்னேரம் ஒரு கடிதத்துக்காக மணி அடித்தேன். வேறொருவன் வந்தான். மொபீஸ் எங்கே என்றேன். 'நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், சேர்' என்றான்."

அதற்குப் பிறகு திகதியைச் சொன்னார். ஊரைச் சொன்னார். புதைத்த இடம் செங்கற் சூளைக்குப் பின்னால், குளத்தின் எந்தக் கரை என்றும் சொன்னார். அவற்றை நான் இங்கே எழுதவில்லை. அவை அந்தத் தாய்க்கு உரியவை.

என் விரல்கள் அடித்தன. ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை. முடிந்ததும் தாள்களை அவர் முன்னால் அடுக்கினேன். சிவப்புப் பென்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கிக்கொண்டு போனது. அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் முடிந்து அடுத்த முறை போனபோது மனிதர் பழையபடி நடந்துகொண்டிருந்தார். "அந்தப் பக்கம் வேண்டாம்" என்றார். "ராணுவ வரலாற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டு பிரதியையும் தாருங்கள். காபனையும்."

எடுத்துக் கொடுத்தேன். இந்த ஊரில் எல்லா வீட்டுப் பின்வளவிலும் குப்பை எரிக்க ஒரு கல் அடுப்பு இருக்கும். தானே போய் அதில் போட்டு, நெருப்பு வைத்து, சாம்பலைத் தடியால் கிண்டிவிட்டு வந்தார். சுதா பக்கத்தில் நின்று அவருக்குத் தீப்பெட்டி பிடித்தாள்.

"நீங்கள் குடும்பம் பிள்ளையோடு வாழ்கிற மரியாதையான பெண். உங்கள் காதில் ஒன்றும் விழவில்லை, சரிதானே?" என்றார்.

இரண்டு பிரதி கேட்டார், இரண்டு பிரதி கொடுத்தேன். மூன்றாவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

6

இனி எழுதப்போவது எனக்கு மானக்கேடான விஷயம். அந்தத் தாளை நான் அடுத்த திங்கட்கிழமையே நஸ்ரீனிடம் கொடுக்கவில்லை. தம்பிக்கான கடிதத்தில் டொக்டர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. இந்தத் தாள் வெளியே போய்க் கதை தகப்பனின் காதுக்குப் போனால், மகன் கடிதம் தருவாரா? முகாமில் கிடக்கிற தம்பிக்கு நான் என்ன பதில் சொல்வது? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று கிழமை படிக்கட்டில் நஸ்ரீனுக்குப் பக்கத்தில் இருந்து சோறு தின்றேன். "ஏதாவது சொன்னாரா?" என்று ஒவ்வொரு திங்களும் கேட்பாள். "இன்னும் அந்த அத்தியாயம் வரவில்லை" என்று ஒவ்வொரு திங்களும் பொய் சொன்னேன். அங்கே ஒரு கிழவி ஒவ்வொரு வேளையும் பீங்கான் வைத்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் கைக்கு வந்த மறுநாள் தாளைக் கொண்டுபோனேன். முதலில் அலுவலகப் பொட்டோப்பிரதி இயந்திரத்தில் அதைப் பல பிரதி எடுத்தேன். எதற்கு என்று மேற்பார்வையாளர் கேட்டாள். கோவைக்கு என்றேன். இந்த முறை எந்தக் கோவை என்று எனக்குத் தெரியும்.

நஸ்ரீன் படிக்கட்டில் நின்றபடியே வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். சுருக்கொப்பத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாளின் தலையில் நான் அடித்திருந்த வேலைத் திகதியைப் பார்த்தாள். மூன்று கிழமைப் பொய்யும் அங்கேயே இருந்தது. என்னை ஏசியிருக்கலாம். அவள் ஏசவில்லை. ஒரு கிழமை தனியாகச் சாப்பிட்டாள், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

மெல்லிய அந்த மூன்றாவது பிரதி அவளுடைய தாயிடம் போனது. இரண்டு மாதம் கழித்து அண்ணியிடம் இருந்து பதில் வந்தது. நஸ்ரீன் எனக்கு வாசித்துச் சொன்னாள். சூளை இப்போது இல்லை, குளம் இருக்கிறது. எல்லாரும் போய் அந்தக் கரையில் துஆ ஓதினார்கள். அண்ணி மூக்குத்தியைக் கழற்றிவிட்டாள். தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. தாளின் உள்ளடக்கத்தைப் பிள்ளைகள் சொன்னதும் அழுதாள். ஆனால் தாளை யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை. மகன் வேலை விட்டு வரும்போது இப்படித்தான் மெல்லிய காபன் தாள்கள் கொண்டுவருவானாம். எழுத்துகள் இப்படித்தான் நேராக நிற்குமாம். இது அவன் அடித்ததுதான் என்கிறாளாம்.

யாரும் அவளைத் திருத்தவில்லை. நானும் திருத்தச் சொல்லவில்லை. அவன் இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தை அவன்தானே அடித்திருப்பான்.

7

இப்போது அந்தப் புத்தகம் என் குசினி மேசையில் கிடக்கிறது. சுதாவுக்குப் பதினான்கு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன் என்று துள்ளினாள். நான் கோவையில் இருந்து ஒரு பொட்டோப்பிரதியை எடுத்து, பதின்மூன்றாம் அத்தியாயத்துக்குள் வைத்து, "இதையும் சேர்த்துக் கொண்டு போ" என்று கொடுத்தேன். நின்றபடி வாசித்தாள்.

"அம்மா, இது அங்கிள் சொன்னதோ?"

தமிழில் கேட்டாள்.

"ஓம்."

"நீங்கள் அடிச்சதோ?"

"ஓம்."

"அப்ப அண்டைக்கு அவர் எரிச்சது இதுதானோ? நான்தானே தீப்பெட்டி பிடிச்சனான்." தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கி மேசையில் வைத்தேன். மூன்று தாள், இரண்டு காபன். சுதா பக்கத்தில் வந்து இருந்தாள். பிரிகேடியருக்கு எழுதினேன்:

"ஐயா, தங்கள் புத்தகம் கிடைத்தது. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் விடுபட்டுப்போன பக்கம், தங்கள் சுருக்கொப்பத்துடன், இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து கடைசிவரை வாசிக்கவும். பிரதிகள்: ஒன்று, லிகிதர் மொபீசின் தாயார். இரண்டு, அவரது தங்கை. மூன்று, கோவை."

கீழே என் முழுப்பெயரையும் அடித்தேன்.

பதிவுத் தபாலில் போட்டேன். பெற்றவர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்புகிற அட்டையும் வேண்டும் என்று கேட்டேன். தபால் கந்தோர்ப் பெண் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "மல்கிரேவ் இங்கேதானே இருக்கிறது, நேரே கொண்டுபோய்க் கொடுக்கலாமே" என்றாள். நாங்கள் இப்படித்தான் செய்வோம் என்றேன். நாங்கள் யார் என்று அவள் கேட்கவில்லை.

இன்று காலை அட்டை திரும்பி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்கினேன். வலப்பக்க அடியில், சிவப்புப் பென்சிலில், அதே இரண்டு எழுத்து.

"வாசிச்சிருப்பாரோ, அம்மா?" என்று சுதா கேட்டாள்.

எனக்குத் தெரியாது. அட்டையில் துளை போட்டுக் கோவையில் சேர்த்துவிட்டேன்.